மலை ஏறி வர்ற சேதி: மெடிக்கல் காலேஜ் வேலை பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஊட்டி மெடிக்கல் காலேஜ் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கடுதாசி வரும்னு நினைக்கவே இல்ல. கூடலூர், கோத்தகிரி, மஞ்சூர், அந்தப் பக்கம் கொடைக்கானல் தாண்டிக்குடி வரைக்கும் எழுதியிருக்கீங்க. எல்லாருக்கும் தனித்தனியா பதில் போட முடியல, அதனால நிறைய பேர் கேட்ட கேள்விகளா பார்த்து இங்க எடுத்திருக்கேன்.

புதுசா படிக்கறவங்களுக்காக ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லீங்க. சமவெளியில ஒரு அரசு மெடிக்கல் காலேஜ் ஆபீஸ்ல எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷன்ல 31 வருஷம் ஃபைல் பார்த்தவ, ரிட்டயர் ஆகி இப்ப கோத்தகிரியில இருக்கேன். அந்த 31 வருஷத்துல ஒரு விஷயம் மனசை விட்டுப் போகல. மலையில வேலை பார்த்த ஒரு லேப் டெக்னீஷியன் அனுப்பின அப்ளிகேஷன், கடைசி தேதி முடிஞ்சு மூணாம் நாள் என் டேபிளுக்கு வந்துச்சு. கவர் மழையில நனைஞ்சு தபால் முத்திரையே அழிஞ்சு போயிருந்தது, உள்ள எல்லா சர்டிஃபிகேட்டும் அட்டெஸ்ட் பண்ணி அழகா அடுக்கி வச்சிருந்தாரு. அவருக்கு அந்த நோட்டீஸே லேட்டாதான் கைக்கு வந்திருக்கு, நான் ஒண்ணும் பண்ண முடியல, ரிட்டர்ன்னு எழுதி அனுப்பினேன். இப்ப எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சு, ஆனாலும் சேதி கீழ பரவி முடிஞ்சு அப்புறமாதான் மலை ஏறி வருது, இன்னைக்கும் அப்படித்தான். அதுக்காகத்தான் இந்தப் பகுதியை எழுதறேன்.

கேள்வி: நீலகிரியில ஒரு தாலுகா ஜி.எச்.ல வேலை பார்க்கறேன் மேடம், எம்.டி. ஜெனரல் மெடிசின், 11 வருஷ சர்வீஸ். பத்து வருஷம் முடிஞ்சா நேரா அசோசியேட் ப்ரொஃபசர் ஆயிடலாம்னு எங்க டாக்டர்ஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரே பேச்சு. நிஜமா?

நிஜம்தான் டாக்டர், ஆனா குரூப்ல பாதி சேதிதான் ஓடிட்டு இருக்கு, மீதி பாதியில உங்க 11 வருஷமும் மாட்டியிருக்கு. கொஞ்சம் நிதானமா படிங்க.

2025 ஜூலை தொடக்கத்துல நேஷனல் மெடிக்கல் கமிஷன், அதான் என்.எம்.சி., ஃபேகல்டி தகுதி பத்தி புது விதிமுறை வெளியிட்டாங்க. 2022ல வந்த பழைய விதிக்குப் பதிலா இது. நாடு முழுக்க காலேஜ் திறந்துட்டே போறாங்க, பாடம் நடத்த ஆள் இல்ல, அதனால ஆஸ்பத்திரியில பல வருஷம் நோயாளி பார்த்த ஸ்பெஷலிஸ்ட்டை டீச்சிங் பக்கம் கொண்டு வரணும்ங்கறதுதான் இதோட நோக்கம். பி.ஜி. முடிச்சு அரசு ஆஸ்பத்திரியில 10 வருஷம் ஸ்பெஷலிஸ்ட்டா இருந்தவங்க அசோசியேட் ப்ரொஃபசர் ஆகலாம், 2 வருஷம் இருந்தவங்க சீனியர் ரெசிடென்சி, அதான் பி.ஜி.க்கு அப்புறம் பார்க்கற பயிற்சி வேலை, அது இல்லாமலே அசிஸ்டெண்ட் ப்ரொஃபசர் ஆகலாம். இதுவரைக்கும் உங்க குரூப்ல வந்தது சரி.

விட்டுப் போனது படுக்கை எண்ணிக்கை. அந்த ஆஸ்பத்திரியில குறைஞ்சது 220 படுக்கை இருக்கணும். நம்ம மலையில தாலுகா ஜி.எச். எதுவும் அந்த அளவுக்குப் பெருசு இல்லையே. அதனால 11 வருஷத்தையும் கூட்டிப் போட்டு எனக்குத் தகுதி வந்துடுச்சுன்னு உட்காந்துடாதீங்க. உங்க சர்வீஸ் ரிஜிஸ்டரை எடுத்து, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் எந்த ஆஸ்பத்திரின்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, அதுல மாவட்டத் தலைமை மருத்துவமனை மாதிரி பெரிய இடத்துல இருந்த வருஷத்தை மட்டும் தனியா கூட்டுங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல வந்தாலே அசிஸ்டெண்ட் ப்ரொஃபசர் கதவு திறந்திருக்குன்னு அர்த்தம். அது சின்ன விஷயம் இல்ல.

அந்த வருஷத்துக்கு இப்பவே அந்தந்த ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்ட்கிட்ட எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வாங்கி வைங்க. அதுல மூணு விஷயம் கட்டாயம் இருக்கணும்: எந்தத் துறையில வேலை பார்த்தீங்க, ரெண்டு பக்கத் தேதி, அந்த நேரத்துல ஆஸ்பத்திரியோட படுக்கை எண்ணிக்கை. வெறுமனே "இவர் இங்கு பணிபுரிந்தார்"னு மொட்டையா எழுதின சர்டிஃபிகேட்டை நான் எத்தனையோ பார்த்திருக்கேன், ஸ்க்ரூட்டினியில அது ஒரு நிமிஷம் கூட நிக்காது. சூப்பரின்டெண்ட் மாறிட்டா புதுசா வந்தவர் பழைய ரெக்கார்டைத் தேடச் சொல்லி உங்களை ஆறு மாசம் அலைய விடுவாரு.

இன்னொண்ணு. என்.எம்.சி. சொல்றது தகுதி, வேலை போட்டுக் கொடுக்கறது மாநில அரசு. நீங்க இப்ப இருக்கறது டி.எம்.எஸ்., அதான் மருத்துவப் பணிகள் பக்கம், காலேஜ் இருக்கறது டி.எம்.இ., அதான் மருத்துவக் கல்வி பக்கம், ரெண்டுக்கும் டைரக்டரேட் வேற, சீனியாரிட்டி வேற. தகுதி வந்ததும் பேர் தானா இங்கிருந்து அங்க போகாது, அரசு ஆர்டர் வேணும், கவுன்சிலிங் வேணும். அதனால கவுன்சிலிங் சேதி எப்ப வருதுன்னு நீங்கதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துட்டே இருக்கணும்.

ஆர்டர் வர்றதுக்குள்ள முடிக்கக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. பி.சி.பி.ஆர். கோர்ஸ். பயோமெடிக்கல் ரிசர்ச்ல அடிப்படைப் பயிற்சி, சென்னையில இருக்கற ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எபிடெமியாலஜி ஆன்லைன்ல நடத்தறாங்க. நீங்க சேர்ற பாதையில அசிஸ்டெண்ட் ப்ரொஃபசர் ஆனா 2 வருஷத்துக்குள்ள இதை முடிச்சாகணும், அதை இப்பவே முடிச்சு வச்சா என்ன? வீடியோ எல்லாம் வீட்ல இருந்தே பார்க்கலாம், பரீட்சை மட்டும் சென்டர்ல. சென்டர் கீழ விழுந்தா முதல் நாளே இறங்கிடுங்க டாக்டர், குன்னூர் மலைப்பாதையில பர்லியார்ல ஒரு மரம் சாய்ஞ்சா அன்னைக்குப் பரீட்சை போச்சு.

கேள்வி: மதுரை பக்கம் இருந்து மாத்தல்ல வந்த பயோகெமிஸ்ட்ரி அசிஸ்டெண்ட் ப்ரொஃபசர் நான். இங்க பெரிய லேப் இல்ல, சீனியர்கள் இல்ல, பேப்பர் போட வழி தெரியல. என் கெரியர் இந்தப் பனியிலயே முடிஞ்சுடும்னு பயமா இருக்கு அம்மா.

கண்ணு, உன் கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். இந்த பயத்தோட மலை ஏறின எத்தனையோ பேரோட ட்ரான்ஸ்ஃபர் மனுவை நானே கையில வாங்கியிருக்கேன், அதுல முக்கால்வாசிப் பேர் வந்த வேகத்துலயே இறங்கிட்டாங்க. நீ அப்படிப் போயிடக் கூடாதுன்னுதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

உன் கணக்கு எனக்குப் புரியுது. அசிஸ்டெண்ட்டா நாலு வருஷம், கூடவே ரெண்டு ஆராய்ச்சிப் பேப்பர் இருந்தாதான் அசோசியேட். அப்புறம் மூணு வருஷமும் இன்னும் ரெண்டு பேப்பரும் ஆனா ப்ரொஃபசர். அதுவும் இன்டெக்ஸ் ஆன ஜர்னல்ல வரணும். இதை 2022 விதியிலயே தெளிவா போட்டாங்க, அதுல இருந்து எல்லாருக்கும் இந்தப் படபடப்புதான்.

ஆனா நீ வந்து சேர்ந்திருக்கற இடம் எதுன்னு பாரு. 1918ல ராபர்ட் மெக்கரிசன்னு ஒரு டாக்டர் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல ஒரே ஒரு ரூம்ல பெரிபெரி நோய் ஆராய்ச்சியை ஆரம்பிச்சாரு. ஒரு ரூம்தான்! எலிகளுக்கு இந்தியாவோட ஒவ்வொரு பகுதி சாப்பாட்டையும் போட்டு எது உடம்பை வளர்க்குது எது வளர்க்கலன்னு பார்த்தது அங்கதான். அந்த ரூம்தான் வளர்ந்து நியூட்ரிஷன் ரிசர்ச் லேபாரட்டரி ஆகி, 1958ல ஹைதராபாத்துக்குப் போய், இன்னைக்கு நாடே கேட்டு நடக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது. குன்னூர் சிம்ஸ் பார்க் பக்கத்துல அந்த பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் கட்டடம் இன்னைக்கும் நிக்குது. பெரிய லேப் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு யாராவது சொன்னா அந்தக் கட்டடத்தைக் காட்டு.

இன்னும் உன் பாடத்துக்கே வரேன். சிக்கிள் செல், பரம்பரையா வர்ற ரத்த நோய். இந்தியாவுல அந்த நோய்க்கான ஹீமோகுளோபின் இருக்குன்னு உலகத்துக்கு முதல்ல தெரிஞ்சதே நீலகிரி மலைவாழ் மக்களோட ரத்தத்துல இருந்துதான். லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் 1952ல எழுதின பேப்பர் அது. பீட்டா செயின்ல ஆறாவது இடத்துல ஒரு அமினோ அமிலம் மாறினா சிவப்பணு அரிவாள் மாதிரி வளையுதுன்னு நீ பசங்களுக்கு போர்டுல எழுதிப் போடுவல்ல, அந்த ரத்தம் கூடலூர், பந்தலூர் பழங்குடிக் குடியிருப்புகள்ல இன்னைக்கும் நடமாடிட்டு இருக்கு. 2023 ஜூலை 1ல தேசிய அளவுல சிக்கிள் செல் ஒழிப்பு மிஷனை ஆரம்பிச்சு 2047னு இலக்கு வச்சிருக்காங்க. அதுக்கு ஸ்க்ரீனிங் பண்ணணும், ரிசல்ட் சரியான்னு பார்க்கணும், கேரியரா, அதான் நோய் வராம மரபணுவை மட்டும் சுமந்துட்டு இருக்கற பொண்ணுக்கும் பையனுக்கும் புரியற மாதிரி சொல்லணும், எல்லாத்துக்கும் பயோகெமிஸ்ட்ரி ஆள்தான் வேணும்.

நான் மருத்துவம் படிக்காதவ, ஆனா ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு, உன்கிட்ட கேட்கறேன். குளிரும், தண்ணி குறைவா குடிக்கறதும் இந்த நோயாளிகளுக்கு வலியைக் கிளப்பி விடும்னு டாக்டர்கள் சொல்லுவாங்க. கூடலூர் ஆயிரம் மீட்டர் சொச்சம் உயரம், ஊட்டி 2,240. நடுவட்டம் வழியா பஸ்ல ஏறி, வழியில பாத்ரூம் இருக்காதுன்னு தண்ணியும் குடிக்காம, ஒரு பழைய ஸ்வெட்டரோட ஒரு பணியர் வீட்டுப் பொண்ணு செக்கப்புக்கு வர்றான்னு வச்சுக்கோ. அந்தப் பயணம் அவளை என்ன பண்ணுது? எத்தனை பேர் செக்கப் முடிஞ்சு போன ஒரு வாரத்துல வலியோட திரும்பி வர்றாங்க? இதை எண்ணிப் பார்க்கறதுக்கு கோடி ரூபா மெஷின் வேணுமா சொல்லு. ஒரு நோட்டு, ஒரு வருஷப் பொறுமை, எத்திக்ஸ் கமிட்டி அனுமதி போதும்னு எனக்குத் தோணுது.

எத்திக்ஸ் கமிட்டியை லேசா எடுத்துக்காத. தமிழ்நாட்ல இருக்கற ஆறு பண்டைய பழங்குடிகள், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், எல்லாரும் இந்த ஒரு மாவட்டத்துல இருக்காங்க. அவங்ககிட்ட இருந்து ரத்தம் எடுத்துட்டுப் போய் பேப்பர் போட்டு பேர் வாங்கினவங்க உண்டு, திரும்பி வந்து ரிசல்ட் சொன்னவங்க கம்மி. ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டியிலயே பழங்குடி மக்கள் விஷயத்துல கூடுதல் பாதுகாப்பு வேணும்னு இருக்கு. கன்சென்ட் ஃபார்ம் அவங்களுக்குப் புரியற பேச்சுல இருக்கணும், ரிசல்ட்டை நீயே போய் சொல்லணும். கூடலூர்ல ஆதிவாசி ஆஸ்பத்திரியில பழங்குடிப் பெண்களே நர்ஸா இருக்காங்க, முதல்ல ஒரு நாள் அங்க போய் அவங்க எப்படி பேசறாங்கன்னு மட்டும் உட்காந்து கேளு.

கம்யூனிட்டி மெடிசின், பீடியாட்ரிக்ஸ்ல ஒரு ஆளைச் சேர்த்துக்கோ, ஒரு எம்.பி.பி.எஸ். பிள்ளையை ஐ.சி.எம்.ஆர். மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு எழுத வை. நாலு வருஷத்துல ரெண்டு பேப்பர் கண்டிப்பா வரும். வந்ததும் எனக்கு ஒரு வரி எழுது கண்ணு.

கேள்வி: ரெகுலர் ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், ப்ரொபேஷன் இன்னும் முடியல. இப்ப அஞ்சு மாசம். லீவு எடுத்தா ப்ரொபேஷன் தள்ளிப் போகும், ஜூனியர்ஸ் எல்லாம் முன்னாடி போயிடுவாங்கன்னு வார்டுல பயமுறுத்தறாங்க. லீவைக் குறைச்சு எடுக்கட்டுமா?

குறைக்காதம்மா. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1ல இருந்து மகப்பேறு விடுப்பு 12 மாசம், ரெண்டு குழந்தை வரைக்கும். முன்னாடி ப்ரொபேஷன் தள்ளிப் போனது உண்மைதான், என் கையாலயே எத்தனையோ பொண்ணுங்களுக்கு அப்படி ஆர்டர் டைப் பண்ணியிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் மனசு கஷ்டப்படும். ஆனா 2025 ஏப்ரல் 28ல முதலமைச்சர் சட்டசபையில, மகப்பேறு விடுப்பு காலத்தையும் தகுதிகாண் பருவத்துல சேர்த்துக்கலாம்னு அறிவிச்சாரு. வார்டுல பயமுறுத்தறவங்க பழைய கதையைச் சொல்றாங்க. உன் ஆபீஸ் செக்‌ஷன்ல போய் அதோட அரசாணை காப்பி கேட்டு வாங்கி கையில வச்சுக்கோ, லீவு அப்ளிகேஷனை எழுத்துல கொடுத்து ரிசீவ்டு சீல் போட்ட நகல் வாங்கிக்கோ. லீவு முடிஞ்சு வந்ததும் சர்வீஸ் ரிஜிஸ்டர்ல என்ட்ரி விழுந்துச்சான்னு நீயே கண்ணால பாரு. நைட் ட்யூட்டிக்கு நடந்து போறப்ப பனியில படி வழுக்கும், பார்த்து.

கேள்வி: முகத்தைக் காட்டி அட்டெண்டன்ஸ் போடற ஆப் இங்க பாதி நாள் நெட்வொர்க் இல்லாம சுத்திக்கிட்டே இருக்கு. நான் வந்தும் வராத மாதிரி ஆகுது. என்ன பண்றது? (ஊட்டி, ஒரு அசிஸ்டெண்ட் ப்ரொஃபசர்)

2025 மே 1ல இருந்து என்.எம்.சி. விரல் ரேகையை விட்டுட்டு ஆதார் முக அடையாளத்துக்கு மாறிட்டாங்க, ஜி.பி.எஸ். வச்சு காலேஜ் எல்லைக்குள்ள இருந்துதான் போடணும். வேலை நாள்ல 75 சதவீதம் வரணும், இல்லன்னா அந்த வருஷம் உங்க பேரை ஃபேகல்டி கணக்குல எடுக்க மாட்டாங்க. ஆப் சுத்தற அன்னைக்கே, அடுத்த நாள் இல்ல, அன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நேரம் போட்டு, காலேஜ் நோடல் ஆஃபீசருக்கு மெயில் அனுப்பிடுங்க, டிபார்ட்மென்ட் ரிஜிஸ்டர்லயும் கையெழுத்து போடுங்க. வருஷக் கடைசியில வாயால சொல்ற எதுவும் எடுபடாது. பத்துப் பேர் சேர்ந்து டீனுக்கு ஒரு மனு கொடுத்து கட்டடத்துக்குள்ள வைஃபை வாங்கினா இன்னும் நல்லது.

கேள்வி: தாண்டிக்குடி பக்கத்துல இருந்து எழுதறேன் மேடம். பளியர் சமூகம், ப்ளஸ் டூ பயாலஜி குரூப், மொத்தம் 412 மார்க். நீட் எழுதல. ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்க்கணும்னு ஆசை. டவுன்ல ஒரு இடத்துல ஒரே வருஷத்துல லேப் கோர்ஸ் முடிச்சுத் தரேன்னு 60 ஆயிரம் கேக்கறாங்க, அப்பா மிளகு வித்துக் கட்டறேன்னு சொல்றாரு. சேரட்டுமா?

சேராதம்மா, அப்பாகிட்ட மிளகை வீட்லயே வச்சிருக்கச் சொல்லு.

அரசு மெடிக்கல் காலேஜ்கள்லயே டி.எம்.எல்.டி., அதான் லேப் டெக்னீஷியன் டிப்ளமா கோர்ஸ் இருக்கு, ரெண்டு வருஷம், நீட் வேண்டாம், ஃபீஸும் நீ சொல்ற 60 ஆயிரம் பக்கத்துல கூட வராது. 2022 ஜனவரி 12ல தமிழ்நாட்ல ஒரே நாள்ல 11 மெடிக்கல் காலேஜ் திறந்தாங்களே, அதுல நீலகிரியும் இருக்கு, உங்க திண்டுக்கல்லும் இருக்கு. பழைய மதுரை காலேஜும் எட்டற தூரம்தான். இது தவிர டயாலிசிஸ் டெக்னீஷியன், ஈ.சி.ஜி. டெக்னீஷியன், அனஸ்தீஷியா டெக்னீஷியன், தியேட்டர் டெக்னீஷியன்னு ஒரு வருஷ சர்டிஃபிகேட் கோர்ஸ்களும் அரசு காலேஜ்கள்ல நடக்குது. எந்தக் காலேஜ்ல எந்த கோர்ஸ், எத்தனை சீட்டுங்கறது வருஷத்துக்கு வருஷம் மாறும். ரிசல்ட் வந்த சூட்டோட திண்டுக்கல் காலேஜ் ஆபீஸ்க்கு நேர்ல ஒரு தடவை போய் நோட்டீஸ் போர்டைப் பாரு, பஸ் காசு போனா போகட்டும்.

நீ சொல்ற மாதிரி இடங்களைப் பத்தி எனக்கு ரொம்ப ஆத்திரம் உண்டு. மாடியில ரெண்டு ரூம், ஒரு மைக்ரோஸ்கோப், வெள்ளைக் கோட்டு போட்டு ஒரு குரூப் போட்டோ. அந்த சர்டிஃபிகேட்டைக் கொண்டு வந்து என் டேபிள் முன்னாடி நின்ன ஒரு பொண்ணுக்கு, இது செல்லாதும்மான்னு நான் சொல்ல வேண்டி வந்துச்சு, அந்தப் பொண்ணு அழக்கூட இல்ல, பேப்பரை மடிச்சு மடிச்சு சின்னதாக்கிட்டே இருந்தா. லேப் டெக்னீஷியன் அரசு வேலைக்கு ஆள் எடுக்கறது எம்.ஆர்.பி., மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். எந்தப் படிப்பை ஏத்துப்பாங்கன்னு அவங்க நோட்டிஃபிகேஷன்ல எழுதியிருக்கும். கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடியே பழைய நோட்டிஃபிகேஷன் ஒண்ணை எடுத்துப் படிச்சுட்டா ஏமாற மாட்ட.

இப்பவே பண்ண வேண்டியது ஜாதிச் சான்றிதழ். எஸ்.டி. சான்றிதழை தாசில்தார் கொடுக்க மாட்டாரு, ஆர்.டி.ஓ., அதான் வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்கணும், உனக்கு கொடைக்கானல் கோட்டம். விசாரணை அது இதுன்னு மாசக்கணக்கா இழுக்கும். அட்மிஷன் வந்த அப்புறம் ஓடினா நடக்காது, இந்த வாரமே எழுதிக் கொடு. பின்னாடி அரசு வேலைக்குன்னு போறப்ப தமிழ் தகுதித் தேர்வு ஒண்ணு இருக்கும், பத்தாம் வகுப்புத் தரம், 50க்கு 20 மார்க் எடுத்தாதான் மத்த பேப்பரையே திருத்துவாங்க. உன் கடுதாசியில இருக்கற தமிழைப் பார்த்தா அதுல உனக்கு ஒரு கவலையும் இல்ல.

கேள்வி: எம்.எஸ்சி. மெடிக்கல் மைக்ரோபயாலஜி, பிஎச்.டி. முடிக்கப் போறேன். எங்களை ஃபேகல்டியா எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்களே? (குன்னூர்)

நடுவுல அப்படி இருந்துச்சு. அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூணுக்கு மட்டும்தான் எம்.எஸ்சி., பிஎச்.டி. ஆட்களை எடுக்கலாம்னு வச்சிருந்தாங்க. 2025 விதியில மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி ரெண்டையும் சேர்த்துட்டாங்க. விதி திறந்ததால உடனே போஸ்ட் வந்துடாது, அரசு காலேஜ்ல போஸ்ட் அறிவிக்கற வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள பிஎச்.டி.யை முடிச்சுடுங்க தம்பி. தீசிஸ் சப்மிட் பண்ணியிருக்கேன், வைவா பாக்கின்னு எழுதின அப்ளிகேஷனுக்கு ஒரு மதிப்பும் இல்ல.

கேள்வி: அப்பா எச்.பி.எஃப்.ல, அதான் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஃபேக்டரியில வேலை பார்த்தாரு. அந்த இடத்துல இப்ப மெடிக்கல் காலேஜ். அங்க ஆபீஸ் அசிஸ்டெண்ட் வேலை வாங்கித் தரேன், ரெண்டு லட்சம் கொடுன்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்து கேக்கறாரு. ஆள் தெரிஞ்சவர்தான். கொடுக்கலாமா?

ஒரு ரூபா கூட கொடுக்காதீங்க. தெரிஞ்சவர்னு சொல்றீங்க பாருங்க, தெரியாதவன் வந்து கேட்டா யாரு கொடுப்பா?

ஃபிலிம் ஃபேக்டரி மூடினப்ப ஊட்டியில எத்தனை வீட்ல அடுப்பு அணைஞ்சுதுன்னு எனக்குத் தெரியும், என் சித்தப்பா வீடும் அதுல ஒண்ணு. இந்து நகர் பக்கம் இப்ப அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்க்கறப்ப, இதுல நம்ம பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்காதான்னு அப்பாவுக்குத் தோணும், தோணணும். 2025 ஏப்ரல் 6ல முதலமைச்சர் திறந்து வச்ச ஆஸ்பத்திரி 700 படுக்கை. அத்தனை படுக்கைக்கும் டாக்டர், நர்ஸ் மட்டும் போதாது, ஆபீஸ், ஸ்டோர், லாண்ட்ரி, கிச்சன், வார்டுன்னு ஆள் வேணும்தான்.

ஆனா வழி வேற. ரெகுலர் போஸ்ட்னா தேர்வு வாரியம், டி.என்.பி.எஸ்.சி., வேலைவாய்ப்பு அலுவலகம், இந்த மாதிரி வழியா மட்டும்தான் வரும். தொகுப்பூதிய வேலைன்னா மாவட்ட நலவாழ்வு சங்கம் அப்பப்ப அறிவிப்பு விடுவாங்க, மாவட்ட வெப்சைட்ல தமிழ்லயே இருக்கும், தகுதி, வயசு, சம்பளம், கடைசி தேதி எல்லாம் போட்டு, பணி நிரந்தரம் ஆகாதுன்னும் ஒரு வரி எழுதியிருப்பாங்க, அந்த வரியைப் படிச்சுட்டுப் போடுங்க. க்ளீனிங், செக்யூரிட்டி மாதிரி வேலையெல்லாம் அவுட்சோர்சிங் கம்பெனி வழியா எடுக்கறாங்க, அது அரசு வேலை இல்ல, அதுக்கும் பணம் கட்டத் தேவை இல்ல. திங்கக்கிழமை தோறும் அந்த வெப்சைட்டை ஒரு தடவை திறந்து பாருங்க. வீட்டுக்கு வந்த ஆள் மறுபடி வந்தா, ரெண்டு லட்சத்துக்கு ரசீது கொடுப்பீங்களான்னு மட்டும் கேளுங்க. அதுக்கு மேலயும் வந்தா கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல எழுதிக் கொடுத்துடுங்க.

கேள்வி: கணவர் சர்ஜன், நான் அனாடமி ட்யூட்டர். கவுன்சிலிங்ல ரெண்டு பேருக்கும் ஊட்டி கிடைக்கற மாதிரி இருக்கு. ரெண்டு சின்னப் பசங்க. அது பனிஷ்மென்ட் போஸ்டிங்னு எல்லாரும் சொல்றாங்க. வரலாமா அம்மா? (தஞ்சாவூர்)

வாங்க. பனிஷ்மென்ட்னு சொல்றவங்க ஒரு வாரம் கூட இங்க இருந்து பார்க்காதவங்க. 150 சீட் காலேஜ், 2022ல சேர்ந்த முதல் பேட்ச்சுக்கு முதல் டிசெக்‌ஷன் காட்டின கைகள் யாருதோ, அந்தப் பிள்ளைங்க வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாங்க. பழைய காலேஜ்ல பதினஞ்சாவது ஆளா நிக்கறதுக்கும் இங்க மூணாவது ஆளா நிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கும்மா. டிபார்ட்மென்ட் மியூசியத்துல ஒவ்வொரு ஜாடியும் நீங்களே வச்சதா இருக்கும். உங்களுக்கு இன்னொரு நல்ல சேதி, 2025 விதியில அனாடமி மாதிரி துறைகள்ல ட்யூட்டரா இருந்த அனுபவத்தையும் அசிஸ்டெண்ட் ப்ரொஃபசர் தகுதிக்கு எடுத்துக்கறாங்க. தஞ்சாவூர்ல இருந்து ரிலீவ் ஆகறப்பவே அந்த சர்டிஃபிகேட்டை வாங்கிட்டுதான் வண்டி ஏறணும்.

சம்பளத்துல மலைப்படி, குளிர்காலப்படின்னு ரெண்டு சேரும், முதல் மாச பில்லுலயே வந்திருக்கான்னு பாருங்க, விட்டா அரியர் வாங்கறதுக்குள்ள அடுத்த மாத்தலே வந்துடும். 2024 மே 7ல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், நீலகிரி நம்பரான டி.என். 43 வண்டிக்கு வேண்டாம், அதனால கார் கொண்டு வர்றதுன்னா இ-பாஸ் போட்டுட்டு ஏறுங்க. பசங்களுக்கு முதல் வருஷம் சளி பிடிக்கும், ரெண்டாவது வருஷம் நீங்க ஸ்வெட்டரைத் தேடறப்ப அவங்க சட்டையோட ஓடுவாங்க. சாதம் குக்கர்ல வைங்க, இந்த உயரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சுடும், ஆனா அந்தச் சூட்டுல திறந்த பாத்திரத்துல அரிசி வேகறதுக்கு நேரம் பிடிக்கும்.

வீடு மட்டும் ஏப்ரல், மே சீசன்ல பார்க்காதீங்க. வாடகையும் ஏறியிருக்கும், வெயில்ல எல்லா வீடும் நல்லாவே தெரியும். ஊட்டிக்கும் மேற்கால பக்கத்துக்கும் ஜூன், ஜூலை மழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி மழைதான் பலமா அடிக்கும். அந்தந்தப் பக்கத்து மழையில ஒரு நாள் வந்து, படுக்கிற ரூம்ல மழை அடிக்கற பக்கத்துச் சுவத்துல உள்ளங்கையை வச்சு ஒரு நிமிஷம் நில்லுங்க. கை ஈரமாச்சுன்னா அட்வான்ஸ் கொடுக்காம வேற வீடு பாருங்க.